கடிகாரத்தோடு ஓடுகிற எருதுகள்

தை பிறந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா களைகட்டும். மதுரைப் பக்கம்போலத் திமிலைத் தழுவும் ஆட்டமில்லை இது. இருபுறமும் தடுப்புக் கட்டிய வீதியில் எருதுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். பல ஊர்களில், குறித்த தூரத்தைக் குறைந்த நொடிகளில் கடக்கும் எருதுக்கே பரிசு. பக்கத்தில் ஓட இன்னொரு எருது கிடையாது. கடிகாரம்தான் எதிராளி.

2024 பொங்கல் நாட்களில், சவூதி அரேபியாவின் மணற்காட்டிலும் ஒருவர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார். கேரளத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா, டக்கார் ராலியின் மோட்டார் சைக்கிள் பிரிவில் ஒட்டுமொத்தமாக 11ஆம் இடம் பிடித்தார்; ராலி-2 என்ற உட்பிரிவில் முதலிடம். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணியின் வண்டி. பிரான்சின் ஷெர்கோவோடு கைகோத்த டிவிஎஸ் ரேசிங்கின் வேர் ஓசூரில் இருக்கிறது. இருவர் ஏறிப்போகும் டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1982இல், பந்தயப் பிரிவும் தொடங்கியது. அப்போது ஓசூர், தர்மபுரி மாவட்டத்து ஊர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில்தான். ஆகவே டக்கார் மணலில் பதிந்த அந்தச் சக்கரத் தடத்தைப் பழைய தர்மபுரி மாவட்டம் உரிமையோடு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

தார் போடாத தரையில் நடக்கும் பந்தயம் ஒரே வகை அல்ல. மோட்டோகிராஸ் என்றால் எல்லா எருதுகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி. இருபது, முப்பது வண்டிகள் ஒரே கோட்டிலிருந்து சீறி, முதல் வளைவுக்குள் ஒன்றாகத் திணிந்து நுழையும். மேடும் பள்ளமும் நிறைந்த மூடிய மண்சுற்று அது. அதையே மண் கொட்டி விளையாட்டரங்கத்துக்குள் கொண்டுவந்தால் சூப்பர்கிராஸ். 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில் நடந்த பந்தயம் அதற்கு வழி திறந்தது. நம் பக்கத்தில் கோவை, தேசிய சூப்பர்கிராஸ் சுற்றுகளைப் பார்த்திருக்கிறது. வேகமே பொருட்டில்லாத வகையும் உண்டு: பாறைமேல் ஜீப்பை அங்குலம் அங்குலமாக ஏற்றும் போட்டியில் நிதானம்தான் வெல்லும். இன்னொன்றில் குறித்த சராசரி வேகத்தைத் துல்லியமாகக் காப்பாற்ற வேண்டும். முந்தி வந்தாலும் தண்டனை, பிந்தி வந்தாலும் தண்டனை.

எல்லாவற்றிலும் கடுமையானது டக்கார் வகை நெடும்பயணப் பந்தயம். 1977இல் லிபியப் பாலைவனத்தில் வழிதவறி உயிர் தப்பிய பிரெஞ்சுக்காரர் தியெரி சபின், அடுத்த ஆண்டு டிசம்பரில் பாரிஸிலிருந்து செனகலின் டக்காருக்கு முதல் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொலைந்துபோன அனுபவத்திலிருந்து பிறந்த பந்தயம் என்பதால், வழி கண்டுபிடிப்பதே அதன் உயிர். ஒத்திகை ஓட்டம் கிடையாது. எத்தனை கிலோமீட்டரில் எந்தத் திசையில் திரும்ப வேண்டும், எங்கே பள்ளம் என்று குறியீடுகளால் சொல்லும் வழிக்குறிப்பு மட்டுமே துணை. மோட்டார் சைக்கிள்காரருக்கு அதைப் படித்துச் சொல்லப் பக்கத்து இருக்கையில் ஆளும் இல்லை. ஓட்டிக்கொண்டே தானே படிக்க வேண்டும்.

2024இல் 48 மணி நேரச் சுற்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். மாலை 4 மணிக்குப் பின் அடுத்து எந்த முகாம் வருகிறதோ அங்கேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். மெக்கானிக் இல்லை, அணியோடு பேச்சில்லை. கொடுத்த உணவைத் தின்று, கூடாரத்தில் படுத்து, விடிந்ததும் கிளம்ப வேண்டும். அந்த ஒரு சுற்றே மனிதரின் உள்வலுவை அளந்துவிடும்.

விலையும் பெரிது. 2015இல் 36ஆம் இடம் பெற்று டக்காரை முடித்த முதல் இந்தியரான பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ், 2021இல் விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். மருத்துவர்கள் அவரை மயக்கநிலையிலேயே வைத்துச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு ஹீரோ அணியின் போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கோன்சால்வஸ் உயிரையே இழந்தார். தேர்ந்த வீரர்களுக்கே இந்த நிலை.

தர்மபுரிக்குக் கரடுமுரடான பாதை புதிதல்ல. பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறிப் போயின. பாலக்கோடு பக்கம் தக்காளிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு, உழுத நிலத்து வரப்பிலும் ஓடைக்கல்லிலும் மொபெட் ஓட்டும் விவசாயிக்கு மண்ணில் வண்டி எப்போது வழுக்கும், எங்கே கால் ஊன்ற வேண்டும் என்று யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. அந்தக் கைத்திறன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அதைக் காட்ட அவர்களுக்குக் கிடைப்பது நெடுஞ்சாலையும் தொப்பூர் இறக்கமும். அங்கே வேகம் காட்டினால் முடிவு என்னவாகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும்.

காட்டுக்குள் ஓட்டலாம் என்ற ஆசையும் கூடவே கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். அது யானைகளின் வழித்தடம். ஒரு மோட்டோகிராஸ் சுற்றுக்குத் தேவைப்படுவதோ ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஊரையும் காட்டையும் விட்டுத் தள்ளி ஒரு தரிசு நிலம், முறையான பயிற்சியாளர், தலைக்கவசமும் கழுத்து, மார்புக் காப்பும், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ். இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

பெண் பிள்ளைகளுக்கும் இது எட்டாத தூரமல்ல. 2019இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு நடத்தும், பாஹா என்ற கரடுமுரடான தரைப் பந்தயத்தின் உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸே, டிவிஎஸ் அணிக்காக ஓட்டியவர். அவருடைய பெங்களூரு, பாலக்கோட்டிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத் தூரம்தான்.