ஐசோடோப்புகள் யாவும் ஒன்றேயா?

ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகள் நிறையில் மட்டுமே வேறுபடும், வேதிப் பண்புகளில் ஒன்றே என்னும் இலக்கணம் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. தொடக்க நிலைக்கு அது போதும். ஆயினும், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது.

குளிர் மிகுந்தோறும் இவ்விலக்கணம் தளர்கின்றது. ஹீலியம் திவலைகளே இதற்குச் சான்று. கடுங்குளிரூட்டிய ஹீலியத்தை நுண்துளை வழியே வெற்றிடத்துள் பாய்ச்சினால், சில ஆயிரம் அணுக்களைக் கொண்ட திவலைகள் உண்டாகின்றன. ஹீலியம்-4 திவலையின் வெப்பநிலை சுமார் 0.37 கெல்வின், ஹீலியம்-3 மிகுந்த திவலையினுடையது சுமார் 0.15 கெல்வின். இரண்டும் கலந்த திவலையினுள் ஒரு மூலக்கூறு புகுமாயின், ஹீலியம்-4 அதனைச் சூழ்ந்துகொள்ள, ஹீலியம்-3 புறத்தே ஒதுங்குகின்றது.

இரண்டிற்கும் எலெக்ட்ரான்கள் இரண்டே. கவர்ச்சி விசையும் ஏறத்தாழ ஒன்றே. எனினும், குவாண்டம் விதிப்படி எவ்வணுவும் முற்றிலும் அசைவற்று நில்லாது. இலேசான அணு மிகுதியாக அசைந்து அதிக இடத்தை வேண்டுவதால் புறத்தே தங்குகின்றது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர அறிவியலார் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஹீலியம்-3 திவலையிலிருந்த கார்பனைல் சல்பைடு மூலக்கூறு தடையின்றிச் சுழலவில்லை. சுமார் 60 ஹீலியம்-4 அணுக்கள் அதனைச் சூழ்ந்த பின்னரே அவ்வாறு சுழன்றது.

இஃது ஆய்வுக்கூடத்து வேடிக்கையன்று. நிறை வேற்றுமையின் விளைவு, மெலிந்த அளவிலேனும், நம் கிணற்றடியிலும் உண்டு. நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்துகின்றன. எஞ்சிய நீரில் டியூட்டிரியமும் ஆக்சிஜன்-18-உம் விகிதத்தில் மிகுகின்றன. நிலத்தடி நீரின் மூலத்தை அறிய மாதிரி எடுக்கும் களப்பணியாளர் புட்டியின் மூடியைத் தளர விட்டால், மழைநீர் ஊறிய கிணறும் ஏரிநீர் கசிந்த கிணறாகத் தோன்றக்கூடும். அம்முடிவை நம்பி ஊரார் செலவிடும் பொருள் வீணாகும். ஐசோடோப்புகள் யாவும் ஒன்றே என்று மட்டும் பயின்றவர் மூடியின் அருமையை எங்ஙனம் உணர்வர்?

விதிவிலக்குகளைக் கூறின் மாணவர் குழம்புவர் எனச் சிலர் கருதலாம். ஒரே ஒரு வாக்கியம் கூட்டினால் போதும்: ஐசோடோப்புகள் வேதிப் பண்பில் பெரிதும் ஒத்தவை, ஆனால் நிறை வேற்றுமை அவற்றைச் சிறிது பிரிக்கும், குளிர் மிகுந்தால் நன்கு பிரிக்கும். இவ்வாண்டு முதலே ஆசிரியர்கள் இதனைக் கூட்டிக் கற்பித்தல் நன்று.