கேட்க நாதியற்றவர்கள்

மனநோயாளி, கைதி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் ஆகிய மூவரின் உரிமையையும் ஒரே மூச்சில் பேசுவது சரிதானா என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கைதிக்கு இரங்கினால் பாதிக்கப்பட்டவனுக்குத் துரோகம் ஆகாதா என்பது அவர்கள் வாதம். இதற்கு நம் இரண்டு எல்லை மாவட்டங்களே பதில் சொல்லும்.

முதலில் பாலக்காடு. 2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞரை, அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் பிடித்துக் கட்டி அடித்தது. அவர் மனநலம் பாதிக்கப்பட்டுக் காட்டில் தனியே வாழ்ந்தவர். முக்காலிக்கு இழுத்து வந்து போலீசிடம் ஒப்படைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜீப்பிலேயே உயிர் போயிற்று. அவர் மனநோயாளி, பிடிபட்டவர், கொலையுண்டவர். மூன்றும் ஒரே மனிதர்தான்!

வழக்கு விசாரணை தொடங்க நாலு வருஷம் ஆயிற்று. சாட்சிகளில் 24 பேர் பிறழ்ந்தார்கள். சாட்சிகளைக் கலைத்ததற்காக 2022 ஆகஸ்டில் 12 பேருடைய ஜாமீனை மண்ணார்க்காடு தனிநீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது; 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல். மதுவின் தாயும் சகோதரியும் விடாமல் கோர்ட்டுப்படி ஏறியதை நாம் மறக்கலாகாது.

அடுத்து இடுக்கி. 2019 ஜூன் 21 அன்று பீர்மேடு சப்ஜெயில் கைதியான ராஜ்குமார் இறந்தார். பணமோசடிப் புகாரில் நெடுங்கண்டம் போலீசார் அவரைப் பிடித்தது 12ஆம் தேதி. கைது என்று எழுதியது 15ஆம் தேதி. பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ரயிலில் ஏற்றும் மூட்டைக்கும் அன்றைக்கே ரசீது உண்டு. ஒரு மனிதனுக்கு மூன்று நாள் காகிதம் இல்லை. புதைத்த உடலைத் தோண்டி மறுபடியும் பரிசோதித்தார்கள். காவலில் நடந்த சித்திரவதையே சாவுக்குக் காரணம் என்று நீதிபதி நாராயண குரூப் கமிஷன் கண்டது.

இதில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு என்ன லாபம்? பணம் எங்கே போயிற்று என்று சொல்லவேண்டிய வாயே மூடிப்போயிற்று. கைதியை அடிப்பவன் பாதிக்கப்பட்டவனுக்கும் சேர்த்தே அநீதி செய்கிறான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனநோயால் தெருவில் அலைபவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்கவேண்டும், லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்கிறது 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. ஜாமீன் விசாரணையில் தம் பேச்சும் கேட்கப்படவேண்டும் என்ற உரிமை தலித், ஆதிவாசி மக்கள் மீதான வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு. 1987ஆம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ காவலில் இருப்பவர், மனநோயாளி, ஆதிவாசி எல்லோரையும் ஒரே பட்டியலில் வைத்து, வருமானம் பாராமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது. சட்டமே சேர்த்து வைத்தவர்களை நாம் ஏன் பிரிக்கவேண்டும்?

ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில் சட்டம் காகிதம்தான். பிழைக்க வந்த ஊரில், மலையாளத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைக்கிறவன் நம் ஆள்தான். ஆகவே ஒவ்வொரு கிளையும் இன்றே ஒரு முடிவு செய்யட்டும். யாரையாவது போலீசார் கொண்டுபோனால் இரண்டு தோழர்கள் ஸ்டேஷனுக்குப் போய் நாளையும் நேரத்தையும் குறிக்கவேண்டும். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. புகார் கொடுத்தவர் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கவேண்டும். தெருவில் அலையும் மனநோயாளியைக் கண்டால் கல் எடுக்கிற கையைத் தடுத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பவேண்டும். குறைகளை எழுத மொழி தடையில்லை. நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆம் ஷரத்து.

அவன் யார், என்ன தப்புச் செய்தான் என்பது கோர்ட்டு தீர்க்கவேண்டிய விஷயம். அவன் உயிரோடு கோர்ட்டுக்குப் போய்ச் சேருகிறானா என்று பார்ப்பது நம் வேலை.