இலையில் படியும் தூசும் வயல் நீரும்

பயிருக்குப் பாய்ச்சும் நீரைக் கணக்கிடும்போது வாய்க்கால் கசிவையும் வெயிலின் கடுமையையும் எண்ணுகிறோம். காற்றின் மாசையும் அக்கணக்கில் சேர்ப்பது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

வேர் உறிஞ்சும் நீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இலைகளின் வழியே ஆவியாகிறது. இலையிலுள்ள நுண்துளைகளே அதற்கு வாயில்கள். நீர் குறைந்தால் பயிர் அவற்றை மூடித் தன்னைக் காத்துக்கொள்ளும்.

இக்காவலைத் தூசு குலைக்கிறது. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்து அறிஞர் யூர்கன் புர்க்ஹார்ட் இதனை விளக்கியுள்ளார். காற்றிலுள்ள நுண்ணிய உப்புத் துகள்கள் இலையில் படிந்து, அதை ஒட்டிய ஈரத்தில் கரைந்து, மெல்லிய நீர்ப்படலமாகத் துளைக்குள் பரவுகின்றன. நூலின் ஒரு முனை நனைந்தால் ஈரம் நெடுக ஏறுவதை நெசவாளர் அறிவர். அவ்வாறே இலையின் உள்ளிருக்கும் நீர் அப்படலத்தின் வழியே வெளியேறுகிறது. 2014-ல் அவரும் உடன் உழைத்தவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், உப்புப் படிந்த பைன் ஊசியிலைகள் விரைவில் உலர்ந்தன. 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சியோ, வடிகட்டிய காற்றில் வளர்ந்த செடிகளைவிடச் சாதாரணக் காற்றில் வளர்ந்தவை, துளைகள் மூடிய நிலையிலும் மிகுதியாக நீரை இழப்பதைக் காட்டியது.

தூசு துளைகளை அடைத்து நீரை மிச்சப்படுத்தாதா என்று சிலர் வினவலாம். சாலைப் புழுதி கனமாகப் படிந்தால் துளைகள் அடைபடுவதும் உண்டு. ஆனால் பயிர் கரியமில வாயுவைப் பெறுவதும் அத்துளைகளின் வழியேதான். அவை அடைபட்டால் பயிரின் உணவு குன்றும், இலையும் சூடேறும்.

நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக வாயுவும், யூரியாவிலிருந்தும் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவும் காற்றில் கலந்து அம்மோனியம் சல்பேட் என்னும் உப்பாகின்றன. ஆகவே ஆலைப் புகைபோக்கியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. யூரியாவை மேலே தூவி விட்டுவிடாமல் மண்ணோடு கலந்து இட்டால் உரமும் மிச்சம், காற்றும் தூய்மை. கரும்புத் தோகையைக் கொளுத்தாமல் நிலத்தில் பரப்பினால் மண்ணின் ஈரமும் நிலைக்கும்.

ஒருவர் வயலில் எழும் புகை வரப்போடு நிற்பதில்லை. தனி ஒருவர் கட்டுப்பாட்டால் மட்டும் இது தீராது. ஊர் முழுவதும் ஒப்பி நடந்தால்தான் பலன் உண்டு. கூட்டுறவுச் சங்கம் இருப்பது இத்தகைய காரியங்களுக்கே. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைப் பரிசீலித்துத் தீர்மானம் செய்வார்களாக. வயல் வாடினால் பருத்தி குறையும். பருத்தி குறைந்தால் தறியும் ஓயும்.