காதலும் ஆண்மையும்: அரபு, ஜெர்மானிய இலக்கியங்கள் வழி ஒரு நோக்கு

அழுவது ஆண்மைக்கு இழுக்கு, விரும்பியவளை எவ்வாறேனும் அடைவதே ஆண்மைக்கு அழகு என்று எண்ணும் இளைஞர் எந்நாட்டிலும் உளர். இவ்வெண்ணத்தை அரபு, ஜெர்மானிய இலக்கியங்களோடு வைத்து ஈண்டு நோக்குவோம்.

ஆயிரத்தொரு இரவுகள் கதைகளின் வாயிலாக அரபு நாட்டை அறிந்த ஐரோப்பியர் பலர், அரபு ஆடவனை அந்தப்புர இன்பத்தில் மூழ்கியவனாகவே கருதினர். ஆனால் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஹிஜாஸில் வாழ்ந்த உத்ரா குலத்துக் கவிஞர் ஜமீல், தமக்கு மணமுடித்துத் தர மறுக்கப்பட்ட புஸைனாவை எண்ணிக் கண்ணீர் மல்கப் பாடினார். உடல் இன்பத்தை நாடாத இக்காதலுக்கு 'உத்ரீ' என்றே பெயர் வழங்கலாயிற்று. அதே காலத்தில் மக்காவின் உமர் இப்னு அபீ ரபீஆ தம் காதல் வெற்றிகளைப் பெருமிதத்தோடு பாடினார். ஆகவே ஒரே மொழியில், ஒரே காலத்தில் ஆண்மைக்கு இருவேறு இலக்கணங்கள் இருந்தமை தெளிவு.

ஜெர்மனியில் 1774இல் கதே எழுதிய நாவலின் தலைவன் வெர்தர், வெட்கமின்றி அழுகின்றான். ஆயினும் அவன் இறுதியில் லோட்டேயை அவள் விருப்பமின்றித் தழுவுகின்றான். பின்னர்த் தன்னையே மாய்த்துக்கொள்கின்றான். கண்ணீர் மட்டும் ஒருவனைப் பண்புடையவன் ஆக்கிவிடாது என்பதற்கு இது சான்று. அதே கதே, 1819இல் வெளிவந்த தம் 'மேலை-கீழைத் திவானில்' ஜமீலையும் புஸைனாவையும் காதலர்க்கு எடுத்துக்காட்டாகப் போற்றினார். பின்னர் ஹைனே, காதலித்தால் உயிர் துறக்கும் உத்ரா குலத்து அடிமை ஒருவனைப் பாடினார். அந்தப்புரத் தலைவனை விடுத்து, அடக்கமுடைய காதலனையே இவ்விருவரும் அரபு மரபிலிருந்து தேர்ந்தெடுத்தனர்.

இக்காலத்தில் வகுப்பறையில் காதற்பாடல் வந்தால் விரைந்து கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொர்தோவாவின் மார்க்கச் சட்ட அறிஞர் இப்னு ஹஸ்ம், 11ஆம் நூற்றாண்டிலேயே 'புறாவின் கழுத்தணி' என்னும் நூலில் காதலை 30 இயல்களில் ஆராய்ந்தார். இறுதி இரண்டையும் பாவத்தின் இழிவுக்கும் கற்பொழுக்கத்தின் மேன்மைக்கும் ஒதுக்கினார். தமக்குத் திருக்குர்ஆனையும் கவிதையையும் கையெழுத்தையும் கற்பித்தோர் பெண்களே என்றும் அந்நூலில் எழுதினார். சட்ட அறிஞர் ஒருவர் நாணாது பேசிய பொருளைப் பேராசிரியர்கள் பேசத் தயங்குவானேன்?

நாம் வாய்மூடி இருப்பின், உமரின் பெருமிதமே ஆண்மை என இளைஞர் பிறரிடம் கற்பர். மறுத்த பெண்ணின் விருப்பத்தை மதிப்பதும் ஆண்மையே என்பதை ஆசிரியரும் பெரியோரும் இந்நூல்களைக் கொண்டே எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.