ஐம்பது பேர் காணும் நாடகம்

நாடகம் என்றவுடன் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவது சபா மேடையின் சிரிப்புத் துணுக்குகளே. அரங்கு நிறைந்தால் வெற்றி, நிறையாவிடில் தோல்வி என்னும் கணக்கு நம் உள்ளத்தில் ஊறிவிட்டது. இக்கணக்கை நான் ஏற்பதற்கில்லை.

1977-இல் சென்னையில் தோன்றிய கூத்துப்பட்டறையை எண்ணிப் பார்ப்போம். அதனைத் தோற்றுவித்த ந. முத்துசாமி, தஞ்சைத் தரணியின் புஞ்சை என்னும் சிற்றூரில் பிறந்தவர், சிறுகதை ஆசிரியர். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டபின், தமிழர்க்குரிய அரங்கு அங்கேயே உயிரோடிருப்பதை உணர்ந்தார். அவர்தம் ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’ முதலிய நாடகங்களில் கதைத்தலைவனையும் கண்ணீர்க் காட்சியையும் தேடுவோர் ஏமாறுவர். ஆயினும் அவற்றிற்கென நடிகர்கள் நாள்தோறும் கூத்து அடவும் சிலம்பமும் பயின்றனர். போர்டு அறக்கட்டளையின் நிதி கிடைத்த காலத்தில் அவர்கட்கு மாத ஊதியமும் வாய்த்தது. தமிழ் நாடகத்தில் இஃது அரிதினும் அரிது.

1978-இல் சென்னையில் ஞாநியின் பரீக்ஷாவும், மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் எழுந்தன. 1980-இல் வங்கத்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்கு, திரையும் ஒளிவிளக்கும் இன்றியே நாடகம் இயலும் எனக் காட்டியது.

பட்டறையில் பயின்ற பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றோர் திரையுலகம் புகுந்ததைச் சிலர் குறையாகச் சொல்வர். வயிற்றுக்கு வழி காட்டாத சமூகம் அக்குறை கூறத் தகுதியுடையதோ? 2018-இல் மறையும் வரை முத்துசாமி நாடகத்தைக் கைவிடவில்லை என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இனி, நம் நெய்வேலிக்கு வருவோம். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின் பன்மாநில மக்கள் கூடி வாழும் நகரியம் இது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய மக்கள் உளர். எனினும் இங்கு அரங்கு கேட்பவரிடம் முதலில் எழும் வினா, “கூட்டம் வருமா?” என்பதே. முறைப்பணி பார்க்கும் ஊரில் எல்லோரும் ஒரே மாலையில் ஓய்வாயிருப்பதில்லை. பெரிய நாடகத்தை ஒருமுறைதான் போட இயலும். ஐவர் நடிக்கும் சிறு நாடகத்தையோ மூன்று முறைப்பணியினர்க்கும் மூன்று வேளை போடலாம். ஊர்ப் பெரியோர்கள் ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் பெற்றுத் தந்தால் போதும்.

எதனை முதலில் போடுவது? சோபாக்கிளிசின் ‘ஆன்டிகனி’யைத் தழுவி நிஜ நாடக இயக்கம் நிகழ்த்திய ‘துர்க்கிர அவலம்’ என்பேன். அரசாணையை மீறி உடன்பிறந்தானை மண்ணில் அடக்கம் செய்யத் துணியும் பெண்ணின் கதை அது. சுரங்கத்திற்காக நிலமும் முன்னோர் துயின்ற இடமும் விட்டெழுந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. நுழைவுச்சீட்டு வேண்டா, பாய் விரித்து அவர்களை முன்வரிசையில் அமர்த்துவோம்.