பழைய பெட்டியைக் கடாசச் சொல்லாதீர்கள்

புது ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்ட, பழைய கம்ப்யூட்டரைக் கடாசிவிட்டுப் புதிது வாங்கு என்கிறார்கள். இந்த அறிவுரையை நான் ஏற்கவே மாட்டேன்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு குறைந்தபட்சம் 8 ஜிபி ராமும் 150 ஜிபி இடமும் கேட்டது. 2024 பதிப்புக்கு ராம் 16 ஜிபி வேண்டும். இடம் 50 ஜிபி போதும். காரணம், நிலப்பரப்பின் பெரும்பகுதி பறக்கும்போதே இணையத்தில் வந்து இறங்குகிறது. ஆகவே சேலையூரில் இணைப்பு திணறினால், எவ்வளவு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் மீனம்பாக்கம் விமான நிலையத்தை மங்கலாகத்தான் காட்டும். எது தடுக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் முதலில் பாருங்கள். ராம் நிரம்பியிருந்தால் ராம். ஹார்ட் டிஸ்க் இழுத்தால் எஸ்எஸ்டி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டும் கிடைக்கும். கார்டு மாற்றுவது கடைசி வேலை, அதையும் பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்த பிறகே.

"விளையாட்டுக்கு ஏன் செலவு?" என்ற கேள்வி இன்னும் மோசம். விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. அந்த விமான இரைச்சலில் வளரும் பிள்ளை உயரமானியையும் திசைகாட்டியையும் வாசிக்கப் பழகுவது வீண்செலவா? சிமுலேட்டரில் பறக்கும் மணிநேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் வராது, உண்மைதான். பள்ளி கிரிக்கெட்டும் ரஞ்சிக் கணக்கில் வருவதில்லை. மட்டை வாங்கித் தரத்தானே செய்கிறோம்?