"நல்லவங்கதான், ஆனா ஜெயிக்க மாட்டாங்க"



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2024 நவம்பரில் கமலா ஹாரிஸ் தோற்றதிலிருந்து ஒரே பேச்சு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்கள் போடும் பதிவுகளிலும் சுற்றிச் சுற்றி வருகிறது. "அமெரிக்கா ஒரு பெண்ணை அதிபராக ஏற்காது. 2016-ல் ஹிலாரியை வைத்துப் பார்த்தாச்சு, 2024-ல் கமலாவை வைத்தும் பார்த்தாச்சு. 2028-ல் இன்னொரு பெண் நிற்கிறேன் என்று சொன்னால், கட்சிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்துவிட வேண்டும்."

இதை எழுதுகிறவர்கள் யாரும் பெண்களை இளக்காரமாக நினைப்பவர்கள் இல்லை. மகளைப் படிக்க வைத்தவர்கள். மனைவியின் சம்பளத்தை மரியாதையோடு பேசுகிறவர்கள். சிலர் பெண்களே. அதனால்தான் எழுதத் தோன்றியது. கேலி செய்கிறவனுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க மாட்டேன். நல்ல பிள்ளைகள் ஒரு தவறான கணக்கைப் போட்டால் டீச்சருக்குக் கை சும்மா இருக்காது.

ஒரு பெண் "நான் அதிபர் தேர்தலில் நிற்கிறேன்" என்று சொன்னதும் இரண்டு விதமான குரல்கள் எழும்புகின்றன. முதலாவது கேலி. அது எல்லார் காதிலும் விழும். 1872-ல் விக்டோரியா வுட்ஹல் என்ற பெண் அமெரிக்க அதிபர் பதவிக்கு நிற்க முனைந்தார். அப்போது பெண்களுக்கு நாடு தழுவிய ஓட்டுரிமையே கிடையாது, அது 1920-ல்தான் வந்தது. தாமஸ் நாஸ்ட் என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் அவரைக் கொம்பும் இறக்கையும் வைத்துச் சாத்தானாகவே வரைந்தார். 2008-ல் ஹிலாரி கிளின்டன் நியூ ஹாம்ப்ஷயரில் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் இருந்து "என் சட்டையை இஸ்திரி போடு" என்று கத்தினார்கள். 2024-ல் கமலா சிரித்தால் அது ஒரு குற்றம். கணவரின் இரண்டு பிள்ளைகளுக்கு அவர் சிற்றன்னை என்பது தெரிந்தும், பிள்ளை பெறாதவர் என்றார்கள். "நீ கறுப்பினமா, இந்தியரா, முதலில் அதைச் சொல்" என்றார்கள். நம் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை போட்டதையும் கிண்டல் செய்தவர்கள் உண்டு.

இந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ள முடியும். அரசியலுக்கு வருகிற பெண் அதற்குத் தயாராகத்தான் வருகிறாள். இரண்டாவது குரல்தான் ஆளைச் சாய்க்கிறது. அது மெதுவாகப் பேசும், அன்பாகப் பேசும். "நல்லவங்கதான், திறமைசாலிதான், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா ஜெயிக்க மாட்டாங்க. மத்தவங்க ஓட்டுப் போட மாட்டாங்க."

இந்தக் குரல் என்ன செய்யும் என்று பார்க்க 1972-ஐப் பார்ப்போம். அந்தக் கதையின் நாயகியும் ஒரு டீச்சர்.

ஷெர்லி சிஸம். 1924-ல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் பிறந்தவர். அப்பா அம்மா கரீபியப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் தொடங்கி, குழந்தைகள் காப்பகம் நடத்தி, பிறகு அரசியலுக்கு வந்தார். 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். போனவுடனே அவரை விவசாயக் குழுவில் போட்டார்கள். நகரத்தின் நெரிசலான தொகுதிக்காரிக்கு விவசாயக் குழு! புதிதாக வந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். சிஸம் எழுந்து நின்று மறுத்தார். முன்னாள் ராணுவத்தினர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். தன் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் ராணுவத்தினர் அதிகம் என்று சொல்லிச் சிரித்தாராம்.

1972 ஜனவரி 25 அன்று, ப்ரூக்ளினில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் தானும் போட்டியிடுவதாக அறிவித்தார். தான் கறுப்பினத்தவள், அதில் பெருமை உண்டு, ஆனால் கறுப்பினத்தவருக்கு மட்டுமான வேட்பாளர் இல்லை; தான் பெண், அதிலும் பெருமை உண்டு, ஆனால் பெண்களுக்கு மட்டுமான வேட்பாளரும் இல்லை; மக்களின் வேட்பாளர் என்றார்.

அமெரிக்காவில் தேர்தலில் குதிப்பதைத் "தொப்பியை வீசினார்" என்று சொல்வார்கள். அன்று மாலை டிவி செய்தியில் வால்டர் குரான்கைட், நாடே நம்பிய செய்தியாளர், புதிதாக ஒரு தொப்பி, இல்லையில்லை, பெண்கள் கட்டும் பானெட் ஒன்று போட்டியில் விழுந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். இது முதல் வகை. சிஸம் இதற்கெல்லாம் அசரவில்லை.

அசைத்தது சொந்த வீட்டுக்காரர்கள். கறுப்பின ஆண் தலைவர்கள் பலருக்கு, தங்களைக் கேட்காமல் அறிவித்துவிட்டாரே என்று கோபம். முதன்முதலாக ஒரு கறுப்பினத்தவர் அப்படி நிற்பதென்றால் அது ஆணாக இருக்க வேண்டாமா என்ற எண்ணம் வேறு. அந்த மார்ச் மாதம் இண்டியானாவின் கேரி நகரில் கறுப்பினத்தவரின் பெரிய அரசியல் மாநாடு கூடியது. அவரை ஆதரித்துத் தீர்மானம் வரவில்லை. பெண்ணியத் தலைவர்களில் பெட்டி ஃப்ரீடன் போன்ற சிலர் கூட நின்றார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் அவருடைய சக உறுப்பினரும் தோழியுமான பெல்லா அப்சக் வெளிப்படையான ஆதரவு தரவில்லை. பல பேருக்கு மனசு சிஸம் பக்கம், கை ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம். காரணம் கேட்டால் அதே பதில்: ஜெயிக்கிற குதிரையில் பணம் கட்ட வேண்டாமா?

டிவி விவாதங்களில் அவரைச் சேர்க்கவில்லை. புகார் கொடுத்து, சட்டப்படி போராடித்தான் பேச நேரம் வாங்கினார். காசும் இல்லை, ஆளும் இல்லை. மாநாட்டில் அவருக்குக் கிடைத்தது சுமார் 152 பிரதிநிதிகளின் ஓட்டு. மெக்கவர்ன் வேட்பாளரானார்.

இப்போது என் பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். அந்த "ஜெயிக்கிற குதிரை" நவம்பரில் என்ன ஆயிற்று? நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ அள்ளிக்கொண்டு போனார். மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும். அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய தோல்விகளில் ஒன்று.

சிஸம் நின்றிருந்தால் நிக்சனைத் தோற்கடித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவரும் தோற்றிருப்பார். ஆனால் ஒன்றைப் பாருங்கள். மெக்கவர்ன் அப்படித் தோற்ற பிறகு, "இனிமேல் ஆண்களை நிறுத்தக் கூடாது" என்று யாராவது சொன்னார்களா? அதிபர் தேர்தலில் தோற்ற ஆண்களின் பெயரைச் சொன்னால் விடிந்துவிடும். ஒவ்வொருவர் தோல்விக்கும் ஒவ்வொரு காரணம் சொல்கிறோம்: பிரசாரம் சரியில்லை, பொருளாதாரம் சரியில்லை, போர். ஒரு ஆண் தோற்றால் அந்த ஆள் தோற்றான். ஒரு பெண் தோற்றால் பெண்களே தோற்றார்கள். இந்தக் கணக்கை என் வகுப்பில் யாராவது போட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

அதுவும் 2016-ல் ஹிலாரிக்குக் கிடைத்த ஓட்டு டிரம்ப்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகம். மாநில வாரியாகக் கணக்கிடும் முறையால்தான் பதவி கைமாறியது. ஆறரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போட்ட தேர்தலை, "மக்கள் பெண்ணை ஏற்கவில்லை" என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறோம்.

"மத்தவங்க போட மாட்டாங்க" என்பதை நான் வகுப்பறையிலும் கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு ஒரு பெண் பெயர் கொடுத்தாள். மாணவிகளே என்னிடம் வந்து, "அவ நல்லாப் பண்ணுவா டீச்சர், ஆனா பசங்க போட மாட்டாங்க" என்றார்கள். பையன்களைத் தனித்தனியாகக் கேட்டேன். "எனக்கு ஓகே டீச்சர், மத்த பசங்கதான்…" என்று இழுத்தார்கள். அந்த "மத்த பசங்க" யார் என்று தேடினேன், ஆளே கிடைக்கவில்லை. சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். நாலு ஓட்டில் அந்தப் பெண் தோற்றாள். அந்த நாலு பேருக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். அடுத்த வருடம் மூன்று பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். "ஜெயிக்க மாட்டாங்க" என்பது வானிலை அறிக்கை இல்லை. மழை வரும் என்று நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மழை அதன் பாட்டுக்கு வரும். தேர்தல் அப்படி இல்லை. நாம் சொல்வதைக் கேட்டுத்தான் பக்கத்தில் இருப்பவர் முடிவு செய்கிறார். பணம் கொடுக்கலாம் என்று நினைத்தவர் பையை மூடுகிறார். நாம் நினைப்பதை ஊர் நினைப்பாக மாற்றிச் சொல்லி, பொறுப்பில் இருந்தும் தப்பித்துக்கொள்கிறோம்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஐஸ்லாந்து, 1980. விக்டிஸ் ஃபின்போகடோட்டிர். அவரும் பிரெஞ்சு மொழி சொல்லிக் கொடுத்த ஆசிரியைதான். பிறகு நாடகக் குழு ஒன்றை நிர்வகித்தவர். விவாகரத்து ஆனவர், தத்தெடுத்த மகளைத் தனியாக வளர்த்தவர், புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்தவர். அதையெல்லாம் மேடையிலேயே கேட்டார்கள். நாட்டுக்குப் பாலூட்டும் உத்தேசம் தனக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். அவரை நிற்கச் சொன்னவர்களில் யார் இருந்தார்கள் தெரியுமா? கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு கப்பலின் மாலுமிகள். "நீங்கள் நில்லுங்கள்" என்று தந்தி அனுப்பினார்கள். ஊர் என்ன சொல்லும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று ஆண்களை எதிர்த்து, சுமார் 34 சதவீத ஓட்டில் வென்றார். 16 வருடங்கள் அந்தப் பதவியில் இருந்தார். அங்கே அதிபருக்கு அதிகாரம் குறைவுதான், அமெரிக்காவோடு ஒப்பிட முடியாது. ஆனால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் அதிபர் அவர்.

ஒரு நியாயமான கேள்வி வரும், நானே கேட்டுவிடுகிறேன். "பெண் என்பதற்காகவே ஓட்டுப் போடச் சொல்கிறீர்களா டீச்சர்?" இல்லை. கமலாவைப் பிடிக்காததற்கு விலைவாசி, காஸா, எல்லைப் பிரச்சினை என்று பல காரணங்கள் சொன்னார்கள். அவை அரசியல் காரணங்கள். தாராளமாகச் சொல்லுங்கள், எதிர்த்து ஓட்டுப் போடுங்கள். அதுதான் ஒரு வேட்பாளருக்குத் தரும் மரியாதை. கொள்கையைப் பிடிக்கவில்லை என்று தோற்கடிப்பது அவரை ஆளாக மதிப்பது. பிடித்திருந்தும் பக்கத்து வீட்டுக்காரரைச் சாக்காகச் சொல்லிக் கைவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிஸத்தின் கதை அந்த 152 ஓட்டோடு முடியவில்லை. தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, நிறவெறிக் கொள்கைக்குப் பேர்போன ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிஸம் போய்ப் பார்த்தார். ஆதரவாளர்களே சண்டைக்கு வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி கிடைக்கச் சட்டம் வந்தபோது, தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று சிஸமே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கறுப்பு நிறத்தைவிடப் பெண்ணாக இருப்பதே அரசியலில் தனக்குப் பெரிய தடையாக இருந்தது என்றும் சொன்னார். 2005-ல் காலமானார். 2019 ஜனவரியில் கமலா ஹாரிஸ் முதல்முறை அதிபர் போட்டிக்கு வந்தபோது, தன் பிரசாரச் சின்னத்துக்குச் சிஸம் பயன்படுத்திய சிவப்பையும் மஞ்சளையும் நினைத்துத்தான் நிறம் தேர்ந்தார்.

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் ஓட்டுரிமையோடு இருக்கும் என் பிள்ளைகளே, 2028-க்கான அறிவிப்புகள் வரும்போது எந்தக் கட்சியில் எந்தப் பெண் நின்றாலும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். "மத்தவங்க" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "நான்" என்று போட்டு வாக்கியத்தைத் திரும்ப எழுதிப் பாருங்கள். "நான் போட மாட்டேன், ஏனென்றால்…" காரணம் கையில் இருந்தால் எழுதுங்கள், விவாதிப்போம். கோடிட்ட இடம் காலியாகவே நின்றால், அந்தப் பெண்ணுக்கு உங்கள் ஓட்டு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் ஹாலில் உட்கார்ந்து "பொம்பளைய நிறுத்தினா தோல்விதான்" என்று போனில் பேசும்போது, உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் மகளுக்கு அமெரிக்க அரசியல் புரியாது. அந்த ஒரு வரி மட்டும் நன்றாகப் புரியும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் பழைய வழக்கப்படி திருத்தவும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்